வாசலுக்குத் தோரணம், காதுக்கு ஜிமிக்கி: பட்டுக்கூட்டில் ஒரு பண்டிகை வேலை

தோரணத்துக்கு ஒரு முறை, கம்மலுக்கு ஒரு முறை என்று பேன்சி ஸ்டோருக்குப் போய் வந்தால், கையால் செய்தது கடையில் வாங்குவதைவிட அதிகச் செலவு வைக்கும். எந்தப் பொருளையும் நமக்கு வேண்டிய அளவில் விற்க மாட்டார்கள். கல் செயினை மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஒரு ஜோடி ஜிமிக்கிக்கு ஒரு ஜாண் போதும். முத்து பாக்கெட்டில் இருபதைக் கோத்துவிட்டு மீதியை டப்பாவில் போட்டு மூடுவோம். அடுத்த பண்டிகைக்கு வேறு நிறம் பிடித்துப்போகும், அந்த டப்பாவை யாரும் திறப்பதில்லை.

அதனால் இங்கே சொல்லப்போவது ஒரே பையில் வாங்கிய சாமானில் ஒரு வாசல் தோரணம், ஒரு ஜோடி ஜிமிக்கி, இரண்டு வளையல் செய்யும் முறை. மூன்றுக்கும் இரண்டே நிறம்: மஞ்சளும் அரக்குச் சிவப்பும் என்று வைத்துக்கொள்வோம். தோரணத்துக்கும் ஜிமிக்கிக்கும் அடிப்படைப் பொருள் பட்டுக்கூடு. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் இதைத் தேடி அலைய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருக்கும் நமக்கு அந்தச் சிரமம் இல்லை. பாலக்கோடு, பென்னாகரம், கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மல்பெரித் தோட்டம் வைத்திருக்கும் உறவோ பழக்கமோ பெரும்பாலும் யாருக்காவது இருக்கும்.

எந்தக் கூட்டைக் கேட்டு வாங்குவது

தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு ஏலத்துக்கு வருவது நல்ல கூடு. நூல் எடுக்கிறவர்கள் கிலோ கணக்கில் வாங்குவது அது. நமக்கு அது வேண்டாம். உள்ளே கூட்டுப்புழு இருக்கும் கூட்டை வாங்கி வந்து டப்பாவில் வைத்தால், அந்துப்பூச்சி துளைத்துக்கொண்டு வெளியே வரும். இல்லையென்றால் உள்ளேயே செத்து நாறும்.

நமக்கு வேண்டியது காலிக் கூடு. முட்டை உற்பத்தி செய்யும் வித்தகங்களில், ஆண் பெண் பிரிப்பதற்காகக் கூட்டின் ஒரு முனையை வெட்டிப் புழுவை வெளியே எடுப்பார்கள். பூச்சி வெளியேறிய துளைக்கூடும் அங்கே சேரும். இழை அறுந்துபோவதால் இவற்றில் தொடர்ச்சியான நூல் எடுக்க முடியாது. விவசாயிகளும் அங்காடிக்குப் போகுமுன் கறை பட்ட கூடு, மெலிந்த கூடு, இரண்டு புழு சேர்ந்து கட்டிய இரட்டைக் கூடு எல்லாவற்றையும் பொறுக்கித் தனியே வைப்பார்கள். அவற்றில் சிலதைக் கேட்டு வாங்கலாம்; ஆனால் வாங்கிய அன்றே முனையை வெட்டிப் புழுவை எடுத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு மனம் வராதவர்கள் துளைக்கூட்டோடு நின்றுகொள்ளுங்கள்.

எவ்வளவு தேவை? வெள்ளை இருசந்ததிக் கூட்டில் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை காணும் பட்டுப்புழு இனம் கட்டுவது) ஓடு மட்டும் அரை கிராம்கூட வராது. 100 கிராம் காலிக் கூடு வாங்கினால் 200-க்கு மேல் இருக்கும். இங்கே சொல்லும் வேலைக்கு 30 போதும்: தோரணத்துக்கு 18, ஜிமிக்கிக்கு 2, கைதவறி வெட்டுப்படுவதற்கு 10. இரண்டு கை கொள்ளும் அளவுதான்.

மஞ்சள் நிறக் கூடு கிடைத்தால் விடாதீர்கள். கலப்பினக் கூடு இயற்கையிலேயே மஞ்சளாக இருக்கும், சாயம் போடும் வேலை மிச்சம். ஆனால் அந்த நிறம் இழையின் மேல் இருக்கும் பசையில்தான் இருக்கிறது. வெயில் பட்டால் வெளுக்கும். வீட்டுக்குள் கொலுவுக்குச் சரி, தெற்குப் பார்த்த வாசலுக்கு உதவாது.

கடையில் வாங்க வேண்டியது

சில்க் திரெட் இரண்டு கண்டு, ஒன்று அரக்கு, ஒன்று மஞ்சள். கல் செயின் ஒரு மீட்டர். 6 மில்லிமீட்டர் முத்து ஒரு பாக்கெட். தலை உருண்ட பின் (ஒரு முனையில் உருண்டை உள்ள கம்பி ஊசி), வளையம், காதுக் கொக்கி ஆகியவற்றில் இருப்பதிலேயே சின்னப் பாக்கெட். பிளாஸ்டிக் வளையல் பட்டை இரண்டு. சின்ன வெண்கல மணி 9. பேப்ரிக் க்ளூ ஒன்று, பெவிகால் ஒன்று. சமிக்கி, தங்க நிற ஜரிகை நூல், பச்சை ஜாக்கெட் துணி மூன்றும் வீட்டிலேயே கிடைக்கும். இல்லையென்றால் தையல்காரரிடம் வெட்டுத்துணி கேளுங்கள், பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்.

இதில் கஞ்சத்தனம் பார்க்கக்கூடாத இடம் காதுக் கொக்கி. மலிவான கொக்கியில் நிக்கல் கலந்திருக்கும். சிலருக்குக் காது அரித்துப் புண்ணாகும். உடைந்துபோன பழைய வெள்ளிக் கம்மலின் கொக்கி இருந்தால் அதையே கழற்றிப் போடுங்கள். குளூ கன் வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு வேண்டாம். நேர் வெயில் அடிக்கும் கதவில் அந்தப் பசை இளகி, ஒட்டியது நழுவும். தோரணம் முழுக்க முடிச்சில் நிற்கட்டும்.

வளையல் அளவைப் பற்றி ஒன்று. 2.4, 2.6, 2.8 என்று சொல்வதில் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஓர் அங்குலத்தை 16 பங்காக்கிய கணக்கு. 2.4 என்றால் 2 அங்குலமும் 4 பங்கும், அதாவது உள்விட்டம் சுமார் 57 மில்லிமீட்டர். 2.6 சுமார் 60, 2.8 சுமார் 63.5. நூல் சுற்றியபின் உள்ளே இடம் குறையும் என்பதால் வழக்கமாகப் போடுவதைவிட ஓர் அளவு பெரிய பட்டை வாங்குங்கள். 2.4 போடுகிறவர் 2.6 எடுக்க வேண்டும்.

சுத்தமும் சாயமும்

பொறுமை வேண்டியது இந்த இடத்தில்தான். துளைக்கூட்டின் வாய் ஓரத்தில் பூச்சி விட்டுப்போன பழுப்புக் கறை இருக்கும். கழுவினால் போகாது. சின்னக் கத்தரியால் கறை உள்ள பகுதியைச் சுற்றிலும் வெட்டி எடுத்துவிட்டால் வாயும் ஒழுங்காகும். உள்ளே கூட்டுப்புழு கழற்றிப் போட்ட தோல் காய்ந்து கிடக்கும். கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடும். மேலே பஞ்சுபோலச் சிலும்பி நிற்கும் இழையை விரலால் உருட்டிப் பிடித்து இழுத்தால் கழன்று வரும். இதைச் செய்யாமல் சாயம் போட்டால் பூ மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி இருக்கும்.

பட்டு புரத இழை. புளிப்பான வெந்நீரில் நிறத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். அரை லிட்டர் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி வினிகர், கால் டீஸ்பூன் சமையல் நிறப்பொடி. கை பொறுக்காத அளவு சூடு வேண்டும், கொதிக்கக்கூடாது. கூட்டை விறைப்பாக வைத்திருப்பது செரிசின் என்ற பசை. கொதிநீரில் அது கரையும், கூடு தொளதொளவென்று ஆகிவிடும். நூல் எடுக்கும் ஆலையில் கூட்டை வேகவைப்பதே அந்தப் பசையை இளக்கத்தான். நமக்கு அது இளகக்கூடாது. கூடு மிதக்கும், எனவே மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி 15, 20 நிமிடம் விடுங்கள். பிறகு பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். இப்படி 10 கூட்டை அரக்குச் சிவப்பாக்கினால் போதும்.

மஞ்சளுக்குக் கடைக்குப் போகவே வேண்டாம். ஆயுத பூசைக்கு வாங்கும் துலுக்க சாமந்தி மறுநாள் குப்பைக்குத்தான் போகும். இதழை மட்டும் கிள்ளி ஒரு சொம்பு எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். சூடு தணிந்ததும் கால் டீஸ்பூன் படிகாரத்தூள் கரைத்து, மீதி 20 கூட்டையும் போட்டு மூடி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுங்கள். நல்ல பொன் மஞ்சள் வரும். சமையல் மஞ்சள்தூளிலும் நிறம் பளிச்சென்று ஏறும், ஆனால் வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. துலுக்க சாமந்தி நிறம் அதைவிட நின்று பிடிக்கும். விஜயதசமிக்குப் பிறகு தீபாவளிக்கு ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும், நிதானமாகச் செய்யலாம்.

தோரணம்

முதலில் நிலையை அளந்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கு 3 அடி, அதாவது 36 அங்குல வாசலுக்கு. மேல் கயிறு 48 அங்குலம்: நிலைக்கு 36, லேசாகத் தொங்க 2, இரு பக்கமும் காதுபோல் முடிச்சுப் போட 10. சில்க் திரெட்டை 12 இழையாகச் சேர்த்துப் பின்னினால் அதுவே கயிறு, தனியே வாங்க வேண்டாம்.

பூ செய்வது இப்படி. சாயம் காய்ந்த கூட்டின் வெட்டிய வாயை மேலே பார்க்கும்படி பிடித்து, பென்சிலால் ஐந்து கோடு போடுங்கள். கோட்டின்மேல் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு வெட்டுங்கள். ஐந்து இதழ் வரும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான்கு இதழ் எளிது: எதிரெதிரே இரண்டு வெட்டு, நடுநடுவே இரண்டு. ஒவ்வோர் இதழின் நுனியையும் வளைவாக நறுக்குங்கள். பிறகு விரலைத் தண்ணீரில் தொட்டு இதழை வெளிப்பக்கம் உருட்டி அரை நிமிடம் பிடித்தால், ஈரத்தில் இளகிய பசை காயும்போது அந்த வளைவிலேயே நின்றுவிடும். கூட்டு வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒட்டும் வேலையும் இல்லை, கம்பியும் இல்லை. கடைசியாக, வெட்டாத அடிமுனையில் சாக்கு ஊசியால் ஒரு துளை.

18 பூ ஆனதும் சரம் கோக்கலாம். மொத்தம் 9 சரம். நடுச்சரம் 6 அங்குலம். அங்கிருந்து இரு பக்கமும் 7, 8, 9, 10 என்று நீளம் கூடிக்கொண்டே போகும். நடுவே குட்டையாக இருந்தால்தான் உள்ளே வருகிறவர் தலையில் இடிக்காது. ஒவ்வொரு சரத்துக்கும் சொன்ன நீளத்தோடு முடிச்சுக்காக 6 அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

கீழிருந்து மேலாகக் கோக்க வேண்டும். நூலின் நுனியில் வெண்கல மணியைக் கட்டுங்கள். அதற்கு ஓர் அங்குலம் மேலே ஒரு முடிச்சு. முடிச்சின்மேல் முத்து, முத்தின்மேல் வாய் கீழே பார்க்கும்படி ஒரு பூ. பூவின் துளையைவிட முத்து பெரியது. அதனால் பூ நழுவாமல் முத்தின்மேல் உட்காரும், முத்தும் மகரந்தம் போலத் தெரியும். முடிச்சு முத்தின் துளைக்குள் போய்விட்டால் இரட்டை முடிச்சாகப் போடுங்கள். இரண்டு அங்குலம் விட்டு மறுபடி முடிச்சு, முத்து, பூ. மேலே ஒன்று மஞ்சள் என்றால் கீழே சிவப்பு; மஞ்சள் அதிகம் என்பதால் இரண்டு மூன்று சரம் முழு மஞ்சளாகவே இருக்கட்டும், பார்வைக்கு அதுவே நன்றாயிருக்கும்.

மேல் கயிற்றில், நிலையின் இடது ஓரத்திலிருந்து 2 அங்குலத்தில் முதல் சரம், பிறகு 4 அங்குலத்துக்கு ஒன்று. ஒன்பதாவது சரம் 34-இல் வரும், ஐந்தாவது சரியாக 18-இல் நடுவில் நிற்கும்.

இடையில் இருக்கும் 8 இடைவெளிக்குத் துணி மாவிலை. கிருஷ்ணகிரி மாங்கனி ஊர், நிஜ இலைக்கே பஞ்சமில்லை என்பீர்கள். கட்டுங்கள், அதுதான் அழகு. ஆனால் இரண்டு மூன்று நாளில் சுருண்டுவிடும். தீபாவளியில் தொடங்கிப் பொங்கல்வரை தொங்கவிட நினைத்தால் துணிதான் வழி. நிஜ இலை ஒன்றைப் பறித்து அட்டையில் வைத்து வரைந்தால் அச்சுத் தயார். பச்சைத் துணி இரண்டு மடிப்புக்கு நடுவே சட்டைக் காலருக்கு வைக்கும் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டு, அச்சை வைத்து வெட்டி, நடு நரம்பை ஜரிகை நூலில் தைத்துவிடுங்கள். ஓரம் பிரியாமல் இருக்கப் பெவிகாலில் சமபங்கு தண்ணீர் கலந்து மெல்லியதாகத் தடவினால் போதும்.

நிலைப்படியில் அகல் வைக்கும் கார்த்திகை நாளில் சரத்தின் நுனி சுடரிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பட்டு சட்டென்று பற்றாது. ஆனால் சில்க் திரெட் என்று கடையில் விற்பது பெரும்பாலும் ரேயானோ பாலியஸ்டரோதான். பட்டு விளையும் ஊரில் உட்கார்ந்து செயற்கை நூலைப் பட்டு என்று வாங்குவது ஒரு வேடிக்கை.

கூட்டில் ஜிமிக்கி

ஜிமிக்கிக்குக் கடையில் பிளாஸ்டிக் அச்சு கிடைக்கும். கூட்டின் மூடிய முனையே ஜிமிக்கிக் கிண்ண வடிவம் என்பதால் அது தேவையில்லை. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. கனமான ஜிமிக்கி போட்டுக் காதுத் துளை இறங்கிவிட்டது என்று தவிர்ப்பவர்களும் இதைப் போடலாம். சில கூடு நடுவில் இடுங்கி நிலக்கடலை வடிவில் இருக்கும், சிலது முட்டை வடிவம். ஒரே மாதிரியான இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பொறுக்குங்கள். ஜோடி சேரவில்லை என்றால் கண்ணாடியில் உடனே தெரியும்.

1. மூடிய முனையிலிருந்து 1.5 சென்டிமீட்டர் அளந்து, அந்த இடத்தில் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டுங்கள். பட்டையின் ஓரத்தை ஒட்டியே வெட்டினால் விளிம்பு கோணாது.

2. பெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து உட்புறம் தடவி, மார்க்கர் பேனா மூடியின்மேல் கவிழ்த்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஓடு கெட்டியாகும். வெளியே தடவ வேண்டாம், பட்டின் மினுமினுப்பு போய்விடும்.

3. உச்சியில் ஊசியால் துளை. பின் நுழையும் அளவுக்கு மேல் பெரிதாக்காதீர்கள்.

4. விளிம்பைச் சுற்றிப் பேப்ரிக் க்ளூ வைத்துக் கல் செயினை ஒட்டுங்கள். 2 சென்டிமீட்டர் அகலக் கிண்ணத்துக்கு 6.5 சென்டிமீட்டர் செயின் போதும், ஜோடிக்கு 13. இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் இணைப்பில் வெட்டுங்கள். கத்தரியால் முயன்றால் கல் தெறிக்கும், நகவெட்டி நன்றாக வெட்டும்.

5. தலை உருண்ட பின்னில் முதலில் ஒரு முத்து, அடுத்து ஒரு சமிக்கி, பிறகு கூட்டின் உள்ளிருந்து வெளியே, உச்சியில் இன்னொரு முத்து. சமிக்கியை விடாதீர்கள். முத்து மட்டும் இருந்தால் நாளடைவில் துளையைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும்; சமிக்கி பரவலாகத் தாங்கும். முத்து கீழே தொங்கித் தெரிய வேண்டும் என்றால் முத்துக்கும் சமிக்கிக்கும் நடுவே சின்ன மணிகள் இரண்டு மூன்று சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

6. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை முத்தை ஒட்டி மடக்கி, ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, இடுக்கியின் நுனியில் பிடித்துச் சுருட்டி வளையமாக்குங்கள்.

7. இணைக்கும் வளையத்தைத் திறக்கும்போது இரு முனையையும் வெளியே இழுத்து விரிக்காதீர்கள், வட்டம் கெட்டுவிடும், மறுபடி வாய் சேராது. ஒரு முனையை முன்பக்கம், மறு முனையைப் பின்பக்கம் திருப்ப வேண்டும். கொக்கியை மாட்டியதும் அதே வழியில் திரும்பக் கொண்டுவந்தால் இடைவெளியே தெரியாது.

தலைக்குக் குளித்த ஈரத்தோடு போடக்கூடாது, வாசனைத் திரவியமும் மேலே அடிக்கக்கூடாது. சாயம் சட்டையில் இறங்குமோ என்று சந்தேகம் இருந்தால் வெள்ளைத் துணியை ஈரப்படுத்தித் தேய்த்துப் பாருங்கள். இறங்கினால் வினிகர் வெந்நீரில் இன்னொரு முறை முக்கியெடுத்து அலசலாம். அதை ஒட்டும் வேலைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

வளையல்

இது பலருக்கும் தெரிந்த வேலை என்பதால் சுருக்கமாக. நீளமான அட்டையில் அரக்கு நூலை 20 சுற்றுச் சுற்றி ஒரு முனையில் வெட்டினால் 20 இழைக் கற்றை கிடைக்கும். அரை சென்டிமீட்டர் அகலப் பட்டைக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம் வேண்டும். பட்டையின் உட்புறம் ஒரு சொட்டுப் பேப்ரிக் க்ளூ வைத்துக் கற்றையை ஒட்டி, இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் தட்டையாகப் பிடித்து, முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி சுற்றிக்கொண்டு போங்கள். முறுக்கினால் பளபளப்பு வராது. ஐந்தாறு சுற்றுக்கு ஒரு முறை சீப்பால் கற்றையை வாரிக்கொள்வது நல்லது. முடிவும் உட்புறத்திலேயே.

மேலே நடுவில் கல் செயின் ஒரு வரி. ஒரு வளையலுக்குச் சுமார் 22 சென்டிமீட்டர், இரண்டுக்கு 44. ஜிமிக்கிக்குப் போன 13-ஐயும் சேர்த்தால் 57. வாங்கிய ஒரு மீட்டரில் இன்னும் 43 சென்டிமீட்டர் இருக்கிறது.

மிச்சத்துக்கு வழி

அந்த 43 சென்டிமீட்டரை டப்பாவில் போடாதீர்கள். தோரணத்தின் ஒவ்வொரு மாவிலை நுனியிலும் மூன்று கல் வெட்டி ஒட்டலாம். ஜிமிக்கிக்கு வெட்டிய கூட்டின் மறுபாதி இரண்டும், கைதவறி வெட்டுப்பட்டதும் கொலுப்படியில் சின்னச் செடிக்குப் பூவாகும். கிறிஸ்துமஸ் கொண்டாடும் வீட்டில் சாயம் போடாத வெள்ளைக் கூட்டுப் பூக்களை ஐஸ் குச்சி நட்சத்திரத்தின் ஐந்து முனையிலும் ஒட்டினால் அழகாக இருக்கும், வேறு நிறமே வேண்டாம். ஓசூர்ப் பக்கம் யுகாதி கொண்டாடுகிறவர்கள் இதே தோரணத்தை நடுநடுவே நிஜ வேப்பங்கொத்து செருகி மறுபடி கட்டலாம்.

எடுத்து வைப்பது

பொங்கல் முடிந்து கழற்றியதும் மடித்து பாலித்தீன் பையில் திணிக்காதீர்கள். பட்டுக்கூட்டைத் தின்னும் வண்டு ஒன்று உண்டு, அதன் புழு உள்ளே புகுந்தால் கூட்டையே சல்லடையாக்கிவிடும். காலை இளவெயிலில் அரை மணி காட்டி, தூசியைப் பழைய தூரிகையால் தட்டி, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் காய்ந்த வேப்பிலையோ நொச்சி இலையோ போட்டு வையுங்கள். சரங்கள் சிக்கிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுருட்ட வேண்டும். நசுங்கிய பூவைத் தூக்கிப் போடாதீர்கள். விரலைத் தண்ணீரில் தொட்டு, முதலில் செய்த மாதிரியே இதழை உருட்டிப் பிடித்தால் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். வளையலில் நூல் பிசிறினால் பிசிறை இழுக்காமல் ஒட்ட நறுக்கி, ஊசி நுனியில் க்ளூ எடுத்து வையுங்கள்.